ஐந்து பேர் மிகுதி

அரசியலில் ஒற்றுமையின் அருமையை நான் ஆராயுந்தோறும் கிளெமன்ற் அற்லியின் வாழ்வே என் முன் நிற்கின்றது. அவர் 1883 இல் இலண்டனிலே பிறந்தவர். சட்டம் பயின்றும் கிழக்கு இலண்டன் வறியோரிடையே தொண்டாற்றியவர். 1935 முதல் இருபது ஆண்டுகள் தொழிற்கட்சியின் தலைவராயிருந்தார். 1945 இல் பிரதமரானார். இலங்கை 1948 இல் சுதந்திரம் எய்தியதும் அவர் ஆட்சியிலேயே.

அவர் நாவன்மை மிக்கவரல்லர். யாவர் சொல்லையும் கேட்டுச் சுருங்க முடிவு கூறும் பொறுமையே மாறுபட்ட மனத்தினரை ஓர் அமைச்சரவையில் இருத்தியது. 1950 ஆம் ஆண்டுத் தேர்தலிலே 625 ஆசனங்களுள் 315 மாத்திரமே கிடைத்தன, பெரும்பான்மை ஐந்து. நோயுற்ற உறுப்பினரும் வாக்களிக்கக் கொண்டுவரப்பட்டனர்.

புறப்பகை அசைக்காததை உட்பகை அசைத்தது. 1951 இல் கொரியப் போரினாற் படைச்செலவு பெருகவே, நிதியமைச்சர் கெயிற்ஸ்கெல், பொய்ப்பற்களுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் பாதிவிலை அறவிட முனைந்தார். தொகை சிறிது, கொள்கையோ பெரிது. இலவச வைத்தியத்தை நிறுவிய பெவன் பதவி துறந்தார். வில்சனும் பிறீமனும் அவ்வழியே சென்றனர். இணக்கவல்ல அற்லியோ அவ்வேளை வைத்தியசாலையில் இருந்தார்.

விலகியோர் கட்சி மாறினாரல்லர். ஆயினும் நம்பிக்கை முறிந்தது. அவ்வாண்டு ஒக்ரோபரில், எதிர்த்தரப்பினும் மிகுந்த வாக்குகள் பெற்றும் தொழிற்கட்சி ஆட்சியை இழந்தது. மீண்டும் பெறப் பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. அற்லி 1967 இல் மறைந்தார்.

தலையெண்ணிக்கை ஒற்றுமையாகாது, மனம் பொருந்துதலே ஒற்றுமை என்பது அவர் வாழ்விலிருந்து நான் கொள்ளும் பாடம்.