சீரங்கப்பட்டணம் சென்ற தூதர்

திருக்குறளில் தூது என்று ஓரதிகாரம் உளது. அதனைப் பயில்வார், மனத்தூய்மையும் வாய்மையும் தூதனுக்கு இன்றியமையாதன என்பதை நன்கறிவர். ஆயினும் அவ்வதிகாரத்தைப் படிக்குந்தோறும் ஓர் ஐயம் எழுவதுண்டு. தூதன் மெய்யனாயிருப்பினும், அவனை விடுத்தவர் தம் சொல்லைக் காவாராயின் அவன் நிலை என்னாகும்? அவன் வாய்மையால் விளையும் பயன் யாது? இவ்வினாவிற்கு ஒருவர் வாழ்க்கையே தெளிவான விடை தருகின்றது. அவரே நம் தென்னாட்டுத் திருச்சபையார் இன்றளவும் அன்போடு நினைக்கும் சுவார்ட்ஸ் ஐயர்.

இவர் 1726-ம் ஆண்டில் பிரஷ்ய நாட்டிலுள்ள சோனன்பர்க் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தாயார் இவருடைய இளமையிலேயே இறந்தனர். இறக்குமுன் தம் மைந்தனைத் தேவ ஊழியத்திற்கென்று ஒப்புக்கொடுத்தனர். ஹாலே நகரில் கல்வி பயிலுங்காலத்து, சென்னையில் ஊழியஞ்செய்து திரும்பியிருந்த சூல்ச் ஐயரிடம் தமிழெழுத்தைக் கற்றார். 1750-ம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். 1762 முதல் திருச்சிராப்பள்ளியிலும், 1778 முதல் தஞ்சாவூரிலும் தங்கி உழைத்தார். தமிழேயன்றி மராத்தி, இந்துஸ்தானி, பாரசீகம் முதலிய மொழிகளும் இவருக்குக் கைவந்தன. மணஞ்செய்துகொள்ளாமலும், பிறந்த நாட்டிற்கு ஒருமுறையேனும் திரும்பாமலும் தம் வாழ்நாளை இந்நாட்டிற்கே அளித்தார்.

அக்காலத்தில் மைசூர் நாட்டை ஆண்டவர் ஹைதர் அலி. 1769-ம் ஆண்டில் அவருக்கும் ஆங்கிலக் கம்பெனியாருக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. ஒருவர்க்கு இடர் நேரின் மற்றவர் துணைசெய்தல் வேண்டுமென்பது அதன் கருத்து. ஆயினும் பின்னர் மராத்தியர் மைசூரைத் தாக்கியபோது கம்பெனியார் வாளாவிருந்தனர். 1779-ம் ஆண்டில், ஹைதர் தம் பாதுகாப்பிலுள்ளதென்று அறிவித்திருந்த மாகி என்னும் பிரெஞ்சுத் துறைமுகத்தையும் கைப்பற்றினர். யுத்தமேகம் சூழ்ந்துவருதலைக் கண்ட சென்னைக் கவர்னர் சர் தாமஸ் ரம்போல்டு, ஹைதரின் உட்கருத்தை அறிந்துவரவும், கம்பெனியார் சமாதானத்தையே விரும்புகின்றனரென்று உரைத்துவரவும் தக்கவர் யாரென்று ஆராய்ந்தார். துபாஷியின்றிப் பேசவல்லவரும், ஹைதரால் ஐயுறப்படாதவருமாகிய ஐயரே அவர் கண்ணுக்குத் தோன்றினார்.

ஐயர் உடனே இசைந்தாரல்லர். சுவிசேஷம் கூறவந்தவன் அரசியற் காரியத்திற் புகலாமோ என்று தம்முள் வினவினார்; ஜெபத்தோடு ஆராய்ந்தார். இரத்தஞ் சிந்தாமற் காக்கும் பணியாதலானும், ஒளிவுமறைவு ஏதும் இதிற் கலவாதென்று கருதினமையானும், சென்றவிடமெல்லாம் கடவுளின் அன்பை எடுத்துரைக்க வாய்க்குமாதலானும் பின்பு ஒருப்பட்டார். எனினும் எவரிடத்தும் பரிசில் யாதும் பெறாது தம் கைகளைத் தூய்மையாகக் காப்பதென்று உறுதி செய்துகொண்டார்.

ஜூலை மாதத்தில் புறப்பட்டு, ஹைதரின் எல்லைக்கோட்டையாகிய கரூரை அடைந்தார். அங்கே ஏறக்குறைய ஒரு மாதம் காத்திருக்க நேர்ந்தது. பின்னர்க் கொங்குநாட்டைக் கடந்து மலையேறி, ஆகஸ்டு 25-ம் தேதி சீரங்கப்பட்டணம் சேர்ந்தார்.

போர் எந்நாளில் எழுமோவென்று அனைவரும் அஞ்சிய அந்நகரில், கோட்டைக்கு வெளியே ஒரு கூடாரமே அவருக்கு உறைவிடமாயிற்று. ஹைதரின் சேனையில் ஜெர்மானியரும் பிற ஐரோப்பியரும் பலர் இருந்தனர். ஞாயிறுதோறும் அவர்களைக் கூட்டிப் பாடலும் ஜெபமும் பிரசங்கமும் நடத்தினார். அதற்கென அனுமதி கேட்டாரல்லர், தடுத்தாரும் ஒருவருமிலர். அரண்மனை அலுவலரிற் பலர் அவரைக் கண்டு சமயப்பொருள் வினவினர். அனைவர்க்கும் அமைதியாக விடையளித்தார். அந்நிய மன்னரின் ஆட்சிமுறையையும் காய்தல் உவத்தலின்றி நோக்கினார். ஹைதர் எழுதப் படிக்க அறியாதவர்; ஆயினும் நினைவாற்றல் மிக்கவர். ஒருவன் எழுதிய கடிதத்தை மற்றொருவனைக்கொண்டு படிப்பித்து, ஒரு சொல்லும் பிறழாமையை உறுதிப்படுத்திக்கொள்வார். இவற்றையெல்லாம் ஐயர் வியப்போடு குறித்துவைத்தார்.

ஹைதர் அவரைத் தம் பக்கத்தில் இருத்தி உரையாடினார். ஐரோப்பியர் தாம் செய்த உறுதிமொழிகளைப் பலகாலும் மீறினரென்றும், அவர்கள் நேர்மையாக நடப்பின் தாமும் சமாதானமாக வாழ விரும்புவதாகவும் கூறினார். அக்குற்றச்சாட்டு முற்றும் பொய்யன்றென்பதை ஐயர் அறியாதவரல்லர். தூதருக்கு அதனினும் கடிய சோதனை வேறென்ன வேண்டும்? கடைசி மாலையில், பாரசீக மொழியில் பேசும்படி ஹைதர் கேட்க, தாம் வந்த நோக்கம் சமாதானமேயென்று அம்மொழியிலேயே விளங்கவுரைத்தார்.

விடைபெற்றுப் பல்லக்கேறியபோது, வழிச்செலவிற்கென்று ஹைதர் அளித்த முந்நூறு ரூபாய் அதில் இருக்கக் கண்டார். திருப்பியளிக்க முயன்றும் இயலவில்லை. ஆதலின் அதனைச் சென்னைக்குக் கொணர்ந்து துரைத்தனத்தாரிடம் ஒப்புவித்தார். அவர்கள் அவரையே வைத்துக்கொள்ளும்படி வற்புறுத்தவே, தஞ்சையில் ஏழைப்பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பாடசாலைக்கு அதனை முதற்பொருளாக்கினார்.

தூது பயன்படவில்லை. ஓராண்டு நிறைவதற்குள், 1780 ஜூலையில், ஹைதரின் பெருஞ்சேனை கர்நாடகத்துட் புகுந்தது. செப்டம்பரில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. ஊர்கள் எரிந்தன, வயல்கள் பாழாயின, பஞ்சம் தஞ்சையைச் சூழ்ந்தது. ஆயினும் ஹைதர், அப்பெரியவரை எங்கும் தடையின்றிச் செல்லவிடுமாறு தம் படைத்தலைவர்க்குக் கட்டளையிட்டிருந்தார். இருதிறத்துப் பாசறைகளுக்கும் இடையே அஞ்சாது நடமாடிய மனிதர் அவரே.

தஞ்சைக்கோட்டையில் உணவின்றிச் சிப்பாய்கள் வீதியில் மடிந்தனர். நாட்டுப்புறத்தில் நெல் இருந்தும், அதனைக் கொணர மாடுகள் இல்லை. முன்பு உழைத்தும் கூலிபெறாத குடியானவர், அரசர் சொல்லையும் கம்பெனியார் சொல்லையும் நம்ப மறுத்தனர். அப்போது ஐயர் பலவிடங்களுக்கும் கடிதம் எழுதி, மாடு பகைவர் கைப்படின் அதற்குரிய பொருளைத் தாமே தம் கையால் தருவதாக வாக்களித்தார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன; எண்பதினாயிரம் கலம் தானியம் கோட்டையைச் சேர்ந்தது.

ஹைதர் 1782-ம் ஆண்டிறுதியில் காலமானார். மறு ஆண்டு, திப்புவிடம் சமாதானம் பேசச் செல்லுமாறு ஐயரை மீண்டும் அழைத்தனர். முன் தூது வீணானதை நினைந்து மறுத்தாரல்லர், புறப்பட்டார். இம்முறை வழியிலேயே தடுக்கப்பட்டுத் திரும்பினார். 1784-ல் மங்களூர் உடன்படிக்கையால் போர் ஓய்ந்தது.

பின்னர்த் தஞ்சை மன்னர் துளஜாவின் சுவீகார புத்திரரான சரபோஜிக்குத் தந்தைபோலிருந்து காத்து, 1798-ம் ஆண்டு பிப்ரவரி 13-ம் தேதி ஐயர் தேவபதமடைந்தார். மரணப்படுக்கையிலுள்ள அவரைச் சரபோஜி காணவந்த காட்சியைப் பிளாக்ஸ்மன் என்னும் சிற்பி சலவைக்கல்லிற் செதுக்கினார். தஞ்சைச் சிவகங்கைக் கோட்டையிலுள்ள ஆலயத்தில் அதனைக் காணலாம்.

நாம் தொடக்கத்தில் எழுப்பிய ஐயத்திற்கு இனி விடை கூறலாம். விடுத்தவர் சொல் தவறினமையால் சீரங்கப்பட்டணத் தூது வீணாயிற்று. ஆனால் தூதரின் வாய்மை வீணாகவில்லை. பகையரசர் அவருக்கு வழி திறந்தார். எவரையும் நம்பாத உழவர் அவர் கடிதத்தை நம்பி மாடுகளை ஓட்டிவந்தனர். உடன்படிக்கைகள் காக்கமாட்டாத உயிர்களை ஒரு தனிமனிதர் சொல் காத்தது. கல்லூரி விட்டு உலகிற் புகவிருக்கும் நம்மில் பலர், பிறர் சொல்லைச் சுமந்து செல்லும் பணிகளில் அமரக்கூடும். அச்சொற்கள் நிலைப்பதும் தவறுவதும் நம் கையிலில்லை. நம் சொல்லோ நம் கையிலுள்ளது, அதனைக் காத்துக்கொள்வோமாக.