கடல் தின்ற அலுமினியப் படகு!
பாய்மர மேதை ஹெரஷாப் வரலாறு

அமெரிக்காவிலே ரோட் ஐலண்டு என்று ஒரு சின்னஞ்சிறு மாநிலம். அங்கே கடலோரத்தில் பிரிஸ்டல் என்று ஓர் ஊர். அந்த ஊரில் 1848-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. நத்தானியேல் ஹெரஷாப் என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் நாட் என்று கூப்பிட்டார்கள்.

இந்த நாட்தான் பிற்காலத்தில் உலகமே வியந்த பந்தயப் படகுகளைக் கட்டியவர். பிரிஸ்டல் மந்திரவாதி என்றே அவரைச் சொல்வார்கள்.

கண் இழந்த அண்ணன்

அந்தக் குடும்பத்தில் ஒரு பெருந்துயரம் இருந்தது. பிள்ளைகளில் பலருக்குப் பார்வை பறிபோயிற்று. நாட்டின் அண்ணன் ஜான் 15 வயதிலேயே கண் இழந்தான். ஆனால் படகு ஆசை மட்டும் போகவில்லை. தம்பியை உடன் அழைத்துக்கொண்டு கடலுக்குப் போவான். அண்ணனுக்குத் தம்பியே கண்!

1860-ல் அப்பாவும் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு சிறு படகு கட்டினார்கள். 20 அடி நீளம். ஸ்பிரைட் என்று பெயர். அப்போது நாட்டுக்கு வயது 12.

ஜான் 1863-ல் சொந்தமாகப் படகுப் பட்டறை தொடங்கினான். நாட், பாஸ்டன் நகரில் எந்திரவியல் படித்தான். பிறகு கார்லிஸ் என்ற நீராவி எந்திரக் கம்பெனியில் வேலை பார்த்தான். 1878-ல் அண்ணனும் தம்பியும் கூட்டுச் சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தார்கள்.

அவர்கள் வேலை செய்த விதமே ஓர் அதிசயம். நாட் முதலில் காகிதத்தில் படம் போடமாட்டார். ஒரு கட்டையை எடுத்துக் கத்தியால் செதுக்குவார். படகை நெடுக்காக இரண்டாகப் பிளந்தால் ஒரு பாதி எப்படி இருக்கும்? அப்படி ஒரு மாதிரி செய்வார். அதை அண்ணன் கையில் கொடுப்பார். ஜான் விரல்களால் தடவிப் பார்ப்பார். வளைவு எங்கே சரியில்லை என்பது அந்த விரல்களுக்குத் தெரிந்துவிடும். கட்ட எவ்வளவு செலவாகும் என்பதையும் மனக்கணக்காகவே போட்டுவிடுவார்!

1888-ல் ஒரு விபத்து. நாட் ஒரு நீராவிப் படகின் வேகத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். கொதிகலன் வெடித்து, ஒருவர் உயிர் இழந்தார். எந்திரம் இயக்கும் உரிமத்தை நாட் இழந்தார். அதன் பிறகு அவருடைய கவனம் பாய்மரப் படகுகளின் பக்கம் திரும்பியது.

எலும்புக்கு ஓர் அச்சு

படகுக்கு உள்ளே விலா எலும்பு போல வளைந்த சட்டங்கள் இருக்கும். நம் ஊர்ப் படகு கட்டுவோர் இதை வங்கு என்பார்கள். ஹெரஷாப் பட்டறையில் ஒவ்வொரு வங்குக்கும் தனித்தனி அச்சு உண்டு. சிறு படகுகளைக் கவிழ்த்து வைத்துத்தான் கட்டுவார்கள். அப்போதுதான் பலகை வரிசை பிசகாமல் படியும். பலகைகளைப் பிணைக்கத் துருப்பிடிக்காத வெண்கலத் திருகாணிகளைப் போடுவார்கள். கனமாகக் கட்டினால்தான் உறுதி என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. நாட் அதை ஏற்கவில்லை. பாரம் எங்கே விழுகிறதோ அங்கே மட்டும் பலம் கொடுத்தார். மற்ற இடங்களில் எடையைக் குறைத்தார்.

அமெரிக்கா கோப்பை என்று ஒரு பாய்மரப் பந்தயம் உண்டு. 1851-ல் இங்கிலாந்தில் வென்ற கோப்பையை அமெரிக்கர்கள் விடாமல் வைத்திருந்தார்கள். அதைப் பறிக்க ஆங்கிலேயர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். 1893-ல் நாட் கட்டிய விஜிலண்ட் படகு கோப்பையைக் காத்தது.

1895-ல் மறுபடியும் சவால். இங்கிலாந்திலிருந்து டன்ரேவன் பிரபு புதுப் படகோடு வந்தார். கோடீசுவரர்கள் நாட்டிடம் ஓடினார்கள். பணத்துக்குக் குறைவில்லை. வேகம் ஒன்றே வேண்டும்!

புது உலோகம்

அப்போது அலுமினியம் புது உலோகம். 1886-ல்தான் அதை மலிவாகப் பிரித்தெடுக்க வழி கண்டிருந்தார்கள். வெண்கலத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். நாட் துணிந்து இறங்கினார். படகின் எலும்பு எஃகு. தண்ணீருக்குள் இருக்கும் அடிப்புறம் வெண்கலத் தகடு. தண்ணீருக்கு மேலே உள்ள பகுதி அலுமினியத் தகடு. படகுக்கு டிபெண்டர் என்று பெயர்.

டிபெண்டர் வென்றது. டன்ரேவன் பிரபு கோபித்துக்கொண்டார். அமெரிக்கர்கள் ரகசியமாகப் பாரம் ஏற்றினார்கள் என்று புகார் செய்தார். விசாரணை நடந்தது. புகார் பொய் என்று தீர்ப்பாயிற்று.

ஆனால் வென்ற படகை வேறொரு பகைவன் உள்ளேயிருந்து தின்றுகொண்டிருந்தான்!

டார்ச் லைட்டில் போடும் மலிவான பாட்டரிக் கட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாளானால் அதன் துத்தநாக உறை ஓட்டையாகிவிடும். மின்சாரம் உண்டாகும்போது அந்த உலோகம் கரைகிறது. டிபெண்டரிலும் இதுதான் நடந்தது. வெண்கலமும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. உப்புநீர் இரண்டையும் நனைத்தது. படகு முழுவதும் ஒரு பெரிய பாட்டரியாகிவிட்டது! இப்படி இரண்டு உலோகங்கள் சேரும்போது அலுமினியம்தான் கரையும். வெண்கலத்துக்கு ஒன்றும் ஆகாது.

தகடு பொரிந்தது. 1899-ல் அந்தப் படகைப் பெரும் செலவு செய்து பழுது பார்த்தார்கள். 1901-ல் உடைத்துப் போட்டுவிட்டார்கள். ஆறே ஆண்டு ஆயுள்.

இதை நாட்டின் தோல்வி என்று சொல்லலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே பந்தயத்தை வெல்லக் கேட்டார்கள். அதற்கான படகைக் கட்டிக் கொடுத்தார். ஆனால் அவர் அதே பிழையை மறுபடி செய்யவில்லை. அடுத்துக் கட்டிய கொலம்பியா படகின் உடல் வெண்கலம். எலும்பு நிக்கல் எஃகு. அது 1899, 1901 ஆகிய இரண்டு முறையும் கோப்பையைக் காத்தது.

இன்று அமெரிக்க ஏரிகளில் பாஸ் என்ற மீனைத் தூண்டில் போட்டுப் பிடிக்கிறார்கள். அதற்குப் போகும் படகுகளில் ஏராளமானவை அலுமினியம்தான். அவை நீடித்து உழைக்கின்றன. இப்போது படகுக்கென்றே மக்னீசியம் கலந்த அலுமினியத் தகடு கிடைக்கிறது. வெண்கலத்தையும் செம்பையும் அதில் நேராகப் படவிடுவதில்லை. நடுவே ரப்பரோ பிளாஸ்டிக்கோ வைக்கிறார்கள். படகுக்குள் ஒரு செப்புக் காசு விழுந்து ஈரத்திலே கிடந்தால்கூட அந்த இடத்தில் தகடு குழிந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் தேடி எடுத்து விடுவார்கள்.

குழந்தைகளுக்கு ஒரு படகு

பெரும் பணக்காரர்களுக்கே படகு கட்டிய நாட், 1914-ல் சிறுவர் சிறுமியர் பாய் ஓட்டிப் பழக ஒரு சிறு மரப்படகு அமைத்தார். நீர்மட்டத்தில் அதன் நீளம் பன்னிரண்டரை அடி. பசார்ட்ஸ் விரிகுடாவில் அடிக்கிற முரட்டுக் காற்றுக்கும் அலைக்கும் தாங்கும்படி செய்தார். அவருடைய பட்டறையில் மட்டும் 300-க்கு மேற்பட்ட படகுகள் அந்த மாதிரியில் உருவாயின. நூறு ஆண்டு கழிந்தும் அவற்றில் பல கடலில் ஓடுகின்றன.

அண்ணன் ஜான் 1915-ல் காலமானார். நாட் தம் 90-ம் வயதில், 1938-ம் ஆண்டு ஜூன் 2-ந் தேதி, பிறந்த ஊரான பிரிஸ்டலிலேயே கண் மூடினார். பட்டறை இருந்த கரையில் இன்று ஒரு காட்சிசாலை இருக்கிறது. 1860-ல் அப்பாவும் பிள்ளைகளும் சேர்ந்து கட்டிய ஸ்பிரைட் படகை அங்கே பார்க்கலாம்.