கொட்டியாரத்துக்குத் திரும்பி வந்த மாலுமி

மூதூர்வாசிகளுக்கு வெள்ளைக்காரன் மரத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அந்தப் புளியமரம் நின்ற இடத்தில் 1893ஆம் ஆண்டு நாட்டப்பட்ட கல், அதன் கீழ் பிடிபட்ட ரொபர்ட் நொக்ஸை நினைவூட்டுகிறது. ஆனால் அந்தப் பெயரில் இருவர் இருந்தனர். கப்பல் தலைவர் தகப்பன். 19 வயது நிரம்பிய மாலுமி மகன். தன் நூலால் உலகறிந்தவர் மகனே.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக் கடலில் வீசிய புயலில் ஆன் என்ற அவர்களது கப்பலின் பாய்மரத்தை வெட்டி வீழ்த்த வேண்டியதாயிற்று. புதுப் பாய்மரம் பொருத்தவும், அந்த இடைவெளியில் சிறிது வியாபாரம் செய்யவும் கொட்டியாரக் குடாவுக்கு வந்தார்கள். பரங்கிப்பேட்டை வியாபாரிகள் சிலரும் அதே கப்பலில் வந்து இறங்கினார்கள். பாய்மரக் கப்பல் துறைமுகத்தில் நின்றால் மாலுமிக்கு ஓய்வு என்று நாம் நினைப்போம். உண்மையில் தண்ணீர் நிரப்புவது, மரம் வெட்டுவது, பண்டமாற்று என்று வேலை கூடிவிடும். ஆட்கள் சிறு சிறு கூட்டமாகக் கரையில் சிதறிப்போவார்கள். அதுதான் ஆபத்து.

கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனுக்குக் கடிதமோ காணிக்கையோ அனுப்பாமல் அவனுடைய கரையில் இறங்கியது பெரும் பிழையாகிப் போனது. 1660 ஏப்ரலில் மன்னனின் திசாவை படையோடு வந்தான். தலைவர் பிடிபட்டார். நடந்தது தெரியாமல் மரம் வெட்டக் கரைக்கு வந்தவர்களும் அகப்பட்டார்கள். மொத்தம் 16 பேர்.

என்னை எப்போதும் நிறுத்தி வைக்கும் இடம் இதன் பிறகு வருவது. கப்பலை ஆற்றுக்குள் கொண்டுவரச் சொல்லி மகனைக் கப்பலுக்கு அனுப்பினார்கள். அவன் போய், உள்ளே வர வேண்டாம், எச்சரிக்கையாக இருங்கள் என்று கப்பலில் இருந்தவர்களிடம் சொன்னான். அங்கேயே தங்கியிருந்தால் தப்பியிருப்பான். தகப்பனுக்குக் கொடுத்த வாக்குக்காகக் கரைக்குத் திரும்பினான். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள்.

பின்னர் கப்பல் போய்விட்டது. கைதிகள் சிறையில் அடைக்கப்படவில்லை; கண்டி இராச்சியத்துக் கிராமங்களில் பிரித்து வைக்கப்பட்டார்கள். சோறு போடுவது ஊரவர் பொறுப்பு. 1661 பெப்ரவரியில் தகப்பன் காய்ச்சலில் மௌத்தானார். மகனும் நோயில் கிடந்தான். அடக்கம் செய்ய ஆள் கேட்டபோது, இழுத்துச் செல்லக் கயிறுதான் கிடைத்தது. அதை ஏற்காமல் கூலிக்கு ஆள் பிடித்து, தானே முன்னின்று அடக்கினான்.

பிறகு தொப்பி பின்னி விற்றார், நெல்லைக் கடன் கொடுத்தார், சுமை தூக்கி ஊர் ஊராக வியாபாரம் செய்தார். கண்டியில் முஸ்லிம்களின் பள்ளிவாசல் ஒன்று இருந்ததையும், அதற்காகக் குடிகளிடம் பணம் சேர்க்க முன்னைய மன்னரொருவர் அனுமதி கொடுத்திருந்ததையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். நம் வரலாற்றைத் தேடுவோர் இந்தக் குறிப்பைக் கடந்து போகக் கூடாது.

வியாபாரமே வழியைக் கற்றுக் கொடுத்தது. 1679இல் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழருடன் அனுராதபுரம் தாண்டி, மல்வத்து ஓயாவைப் பிடித்து நடந்து, ஒக்டோபரில் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். பத்தொன்பதரை ஆண்டுகள் கழிந்திருந்தன. 1681இல் லண்டனில் நூல் வெளியானது.

இத்தோடு முடித்தால் நல்ல கதை. ஆனால் மீண்டும் கடலுக்குப் போன நொக்ஸ், கம்பனிக் கப்பலின் தலைவராக மடகஸ்காரில் அடிமைகளை வாங்கினார், செயின்ட் ஹெலினா தீவுக்காக. பிறர் கையில் கைதியாக இருந்து, தகப்பனைக் காட்டில் புதைத்த மனிதர்! அந்தக் காலம் அப்படி என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை.

அதே செயின்ட் ஹெலினாத் துறைமுகத்தில் ஒருநாள் அவர் கரையில் நின்றபோது, அவருடைய மாலுமிகள் கலகம் செய்து கப்பலோடு போய்விட்டார்கள். உடுத்திய உடுப்போடு கரையில் விடப்பட்டவர், பின்னர் அந்தக் கப்பலைக் கண்டுபிடித்தார். 1720இல் இறக்கும் வரை தன் நூலின் பிரதியில் மேலும் மேலும் குறிப்பெழுதிக் கொண்டிருந்தார்.