நின்றால் 90 அடி, ஓடினால் அதற்கும் மேல்: படகுப் பந்தய விதியையே மாற்ற வைத்த நேட் ஹெரெஷாஃப்

ஒரு விதியில் ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிப்பவர்கள் நிறைய பேர். அந்த ஓட்டையை வைத்து ஜெயித்துவிட்டு, பிறகு அதை அடைக்கும் விதியையும் தானே எழுதியவர்கள் ரொம்பக் குறைவு. அப்படி ஒருவர்தான் அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நத்தேனியல் ஹெரெஷாஃப்.

யார் இவர்?

1848-ல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிரிஸ்டல் ஊரில் பிறந்தார். எம்.ஐ.டி.யில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு, நீராவி இன்ஜின் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். 1878-ல் அண்ணன் ஜானுடன் சேர்ந்து சொந்தப் படகுப் பட்டறை தொடங்கினார். ஜானுக்குச் சிறுவயதிலேயே பார்வை போய்விட்டது. தம்பி மரத்தில் செதுக்கித் தரும் மாதிரியை விரலால் தடவிப் பார்த்தே படகின் வளைவுகளை எடைபோடுவார்.

ஆரம்பத்தில் பட்டறையின் பெயர் நீராவிப் படகுகளுக்குத்தான். 1888-ல் ஒரு சோதனை ஓட்டத்தில் கொதிகலன் விபத்து நடந்து ஒருவர் உயிரிழந்தார். நேட்டின் நீராவி இன்ஜினியர் லைசென்ஸ் பறிபோனது. அதன்பின் அவர் கவனம் பாய்மரப் படகுகள் பக்கம் திரும்பியது.

நீளத்துக்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்?

படகு ஓடும்போது முன்முனையில் ஓர் அலை எழும். வேகம் கூடக்கூட அந்த அலை நீண்டுகொண்டே போகும். ஒரு கட்டத்தில் அலையின் நீளமும் படகின் நீளமும் சமமாகிவிடும். அதற்கு மேல் வேகமெடுத்தால் பின்முனை பள்ளத்தில் இறங்கும். தான் கிளப்பிய அலை மீதே படகு மேடேற வேண்டும். கனமான படகுக்கு அது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால், உச்ச வேகம் தோராயமாக நாட் அளவில் கிடைக்கும். 25 அடி என்றால் 6.7 நாட். 100 அடி என்றால் 13.4 நாட். அதாவது, நீளம் 4 மடங்கானால்தான் வேகம் 2 மடங்காகும்.

ஓட்டை எங்கே இருந்தது?

நீளமான படகுக்கு இயல்பாகவே சாதகம் என்பதால், பந்தய விதிகள் நீளத்தை அளந்தன. ஆனால் அளந்தது, படகு அசையாமல் நிமிர்ந்து நிற்கும்போது!

ஹெரெஷாஃப் இதைப் பிடித்துக்கொண்டார். முன்முனையையும் பின்முனையையும் தண்ணீருக்குச் சற்று மேலே, தட்டையாக நீட்டிவிட்டார். நிற்கும்போது அவை தண்ணீரைத் தொடாது, அளவில் சேராது. காற்றில் படகு சாய்ந்து வேகமெடுத்ததும் இரண்டு முனைகளும் நீரில் படியும். படகு அந்த நேரத்தில் நிஜமாகவே நீளமாகிவிடும். 1891-ல் வந்த 'குளோரியானா' இப்படித்தான் அந்த சீசனைத் தன்வசமாக்கியது.

இதன் உச்சம் 1903-ன் 'ரிலையன்ஸ்'. அமெரிக்கா கோப்பையில் நீர்க்கோட்டு நீளத்துக்கு 90 அடிதான் வரம்பு. ரிலையன்ஸ் அதற்குள் அடங்கியது. ஆனால் மேல்தள நீளம் கிட்டத்தட்ட 144 அடி! பாய்களின் பரப்பு சுமார் 16,000 சதுர அடி. நம்மூர் கணக்கில் ஆறரை கிரவுண்டுக்கும் மேல். எதிரே நின்றது லிப்டன் டீ புகழ் தாமஸ் லிப்டனின் 'ஷாம்ராக் 3'. முடிவு 3-0.

அதில் என்ன பிரச்சினை?

ரிலையன்ஸ் ஒரே ஒரு சீசன்தான் ஓடியது. 1913-ல் உடைத்துப் பழைய இரும்பாக்கப்பட்டது. விதிக்காகவே செய்த படகு, அந்தப் பந்தயத்தைத் தாண்டி வேறெதற்கும் உதவவில்லை.

இது எங்கே போய் முடியும் என்று ஹெரெஷாஃபுக்கு முன்பே தெரிந்திருந்தது. நியூயார்க் படகு கிளப் கேட்டதும் புதிய விதியை எழுதிக் கொடுத்தார். நீளம், பாய்ப் பரப்பு ஆகியவற்றோடு படகின் எடையும் கணக்கில் வந்தது. நீளத்தை நடுக்கோட்டில் மட்டும் அளக்காமல், பக்கவாட்டில் தள்ளியும் அளக்கச் சொன்னார். தட்டையாக நீட்டிய முனைகள் அங்கே மாட்டிக்கொள்ளும். தன்னுடைய பழைய வித்தைக்குத் தானே பூட்டு போட்டார்.

இன்றைக்கு?

இன்றைய பந்தயப் படகுகள் பலவற்றில் பின்முனை அகலமாக, தட்டையாக, வெட்டிவிட்டது போல முடியும். எடை குறைந்த படகு என்றால், நல்ல காற்றில் அது அலை மீதேறி வழுக்கி ஓடும். பழைய வேகக் கணக்கு அதற்குப் பொருந்தாது. ஆனால் காற்று குறைந்தால் அதே அகலப் பின்முனை தண்ணீரை இழுத்துச் சுழலவைத்து வேகத்தைத் தின்னும். அப்போது, பின்னால் குறுகி மேலெழும் பழைய வடிவமே மேல்.

சரி, சொந்த விதியில் ஹெரெஷாஃப் ஜெயித்தாரா? 1920 அமெரிக்கா கோப்பையில் அவருடைய 'ரெசலூட்', லிப்டனின் 'ஷாம்ராக் 4'-இடம் முதல் 2 பந்தயங்களைத் தோற்றது. அடுத்த மூன்றையும் வென்று கோப்பையைத் தக்கவைத்தது. அப்போது அவருக்கு வயது 72. 1938-ல், 90 வயதில், பிறந்த ஊரான பிரிஸ்டலிலேயே காலமானார்.