மாடு மேய்த்த சிறுவன், ஹாக்கி கேப்டன்!

குழந்தைகளே! ராஜபாளையம், விருதுநகர் பக்கத்து நூற்பாலைகளில் வேலை பார்க்கும் வெளிமாநிலத்து அண்ணன்மார்களைப் பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் கூட்டமாகக் கடைவீதிக்கு வருவார்கள். அவர்கள் எல்லோரையும் சேர்த்து 'இந்திக்காரர்கள்' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனிடம், எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் ஊர் எது என்று கேட்டேன். ஜார்க்கண்ட் என்றான். வீட்டில் இந்திதானே பேசுவீர்கள் என்றேன். இல்லை, முண்டாரி என்றான். இத்தனை வருடம் பாடம் நடத்திய எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த முண்டாரி மொழி பேசும் மக்களிடையே பிறந்த ஒருவரின் கதைதான் இது.

ஜார்க்கண்டில் குந்தி என்று ஒரு பகுதி. காடும் குன்றும் நிறைந்தது. அங்குள்ள டாக்ரா கிராமத்தில், 1903ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் தேதி, ஒரு முண்டா குடும்பத்தில் ஒரு பையன் பிறந்தான். வீட்டில் வைத்த பெயர் பிரமோத் பாகன். சிறுவயதில் மாடு மேய்ப்பதுதான் அவனுக்கு வேலை.

முண்டா மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காட்டை வெட்டித் திருத்தி, முதன்முதலில் ஊரை உண்டாக்கிய குடும்பத்தாருக்கே அங்குள்ள நிலம் சொந்தம். அதற்குப் பட்டா, பத்திரம் எல்லாம் கிடையாது. ஊரில் ஓரிடத்தில் பெரிய பெரிய பலகைக் கற்கள் கிடக்கும். அவற்றின் அடியில் முன்னோர்களின் எலும்புகள் இருக்கும். அந்தக் கற்களுக்கு 'சாசன்திரி' என்று பெயர். அந்தக் கல்தான் பத்திரம்! என் தாத்தாவின் தாத்தா இங்கே உறங்குகிறார், ஆகவே இது என் ஊர். அவ்வளவுதான் கணக்கு.

வெள்ளைக்காரர்களின் சட்டத்துக்கு இந்தக் கணக்கு புரியவில்லை. காகிதம் வைத்திருப்பவனுக்கே நிலம் என்றது. வெளியிலிருந்து ஜமீன்தார்களும் வட்டிக்காரர்களும் வந்தார்கள். அவர்களை முண்டாக்கள் 'திக்கு' என்று அழைத்தார்கள். நிலம் கைமாறியது. பிர்சா முண்டா என்ற இளைஞர் எதிர்த்துப் போராடினார். அவர் 1900ஆம் ஆண்டு ராஞ்சி சிறையில் உயிர்விட்டார். அந்தப் போராட்டத்துக்குப் பிறகு, 1908ல்தான் அவர்கள் நிலத்தைக் காக்க ஒரு சட்டம் வந்தது.

அதற்குள் நிலம் போனவர்கள் பிழைப்புத் தேடிக் கிளம்பிவிட்டார்கள். ஆயிரமாயிரம் பேர் அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். நம் பக்கத்து ஜனங்கள் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்களே, அதே கதைதான்.

நம் பிரமோத்துக்கு வேறு வழி திறந்தது. ராஞ்சியில் செயின்ட் பால் பள்ளியில் சேர்ந்தான். அங்கே அவன் பெயர் ஜெய்பால் சிங். பள்ளியின் தலைமையாசிரியர் காஸ்கிரேவ் என்ற ஆங்கிலப் பாதிரியார். பையனின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து, 1918ல் தன்னுடன் இங்கிலாந்துக்கே அழைத்துப் போனார். ஒரு தலைமையாசிரியர் கண்ணில் பட்டதால் ஒரு பையனின் வாழ்க்கை எங்கே போயிற்று பாருங்கள்! (நானும் வாத்தியார் என்பதால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.)

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்தார் ஜெய்பால். படிப்பில் சூரர், ஹாக்கியில் அதைவிடச் சூரர். பின்களத்தில் அவர் நின்றால் பந்து தாண்டிப் போவது கடினம். பெரிய பதவிகளுக்கு வழியான ஐ.சி.எஸ். தேர்விலும் வெற்றி பெற்று, பயிற்சியில் சேர்ந்தார்.

அப்போதுதான் 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் வந்தது. இந்தியா முதன்முறையாக ஒலிம்பிக்கில் ஹாக்கி ஆடப் போகிறது. கேப்டனாக ஜெய்பாலைக் கேட்டார்கள். அவர் விடுப்புக் கேட்டார், கிடைக்கவில்லை. ஐ.சி.எஸ். பதவி என்றால் சும்மாவா? நாமாக இருந்தால் பேசாமல் இருந்திருப்போம். அவர் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்!

ஆஸ்திரியாவை 6, பெல்ஜியத்தை 9, டென்மார்க்கை 5, சுவிட்சர்லாந்தை 6, இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தை 3 என்ற கோல் கணக்கில் இந்தியா வென்றது. மொத்தம் 29 கோல்கள். இந்தியா வாங்கியது ஒன்றுகூட இல்லை. அதில் 14 கோல்களைப் போட்டவர் தியான் சந்த். ஆனால் இறுதி ஆட்டத்தில் ஜெய்பால் ஆடவில்லை. அணி மேலாளராக இருந்த ஆங்கிலேயருடன் கருத்து வேறுபாடு ஏற்பட்டு, முன்பே விலகிவிட்டார். திரும்பி வந்ததும், இன்னொரு வருடம் பயிற்சி எடுக்க வேண்டும் என்றார்கள். ஐ.சி.எஸ்.ஸையே உதறிவிட்டார்.

பிறகு எண்ணெய் நிறுவனத்தில் வேலை. ஆப்பிரிக்காவில், இன்று கானா எனப்படும் நாட்டில், ஆசிரியர் வேலை. ராய்ப்பூரில் இளவரசர்கள் படிக்கும் கல்லூரிக்கு முதல்வர். சுகமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் 1939ல் ராஞ்சியில் 'ஆதிவாசி மகாசபை' என்ற அமைப்புக்குத் தலைவராகப் பொறுப்பேற்றார். மாடு மேய்த்த மண்ணுக்கே திரும்பி வந்துவிட்டார். மக்கள் அவரை 'மராங் கோம்கே' என்று அழைத்தார்கள். பெரிய தலைவர் என்று பொருள்.

நாட்டுக்கு அரசியலமைப்புச் சட்டம் எழுத 1946ல் சபை கூடியபோது, அதில் அவரும் ஓர் உறுப்பினர். டிசம்பர் 19ஆம் தேதி பேச எழுந்தார். தன்னைக் காட்டான் என்று அழைப்பதைப் பற்றித் தனக்கு வெட்கமில்லை, பெருமைதான் என்றார். சபையில் உள்ள மற்றவர்களின் முன்னோர்கள் பிற்பாடு வந்தவர்கள், தன் மக்களே முதலில் இருந்தவர்கள் என்றார். குடியாட்சியை ஆதிவாசிகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம், அவர்களிடமிருந்துதான் மற்றவர்கள் கற்க வேண்டும் என்றும் துணிந்து சொன்னார்.

முதலில் வந்தவர் யார்? இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முண்டாரி மொழி, கம்போடிய, வியட்நாமிய மொழிகளுக்கு உறவு. அந்த மொழியைக் கொண்டுவந்தவர்களில் ஒரு பகுதியினர் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வந்து, இங்கிருந்தவர்களுடன் கலந்திருக்க வேண்டும் என்பது இன்றைய ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அப்படிப் பார்த்தால் எல்லோருமே எப்போதோ எங்கிருந்தோ நடந்து வந்தவர்கள்தான். நம் மாவட்டத்திலேயே வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் எத்தனை! ஆனாலும் காட்டைத் திருத்தி ஊராக்கியவனை, நேற்று காகிதத்தோடு வந்தவன் வெளியே போ என்று சொல்லலாமா? ஜெய்பாலின் வழக்கு அதுதான்.

பெயருக்காகவும் அவர் போராடினார். 'ஆதிவாசி' என்ற சொல்லையே சட்டத்தில் எழுத வேண்டும் என்றார். இந்தி மொழிபெயர்ப்பில் 'வனஜாதி' என்று எழுதுவது இழிவு என்று கண்டித்தார். ஆதிவாசி என்பது பொதுவான சொல், சட்டத்துக்கு யார் யார் என்ற பட்டியல் வேண்டும் என்றார் டாக்டர் அம்பேத்கர். அவர் சொன்னபடியே பட்டியல் வந்தது. இந்தியிலும் பிறகு வேறு சொல்தான் வந்தது, ஆதிவாசி என்ற சொல் வரவில்லை. ஆனால் தமிழில் நாம் என்ன எழுதுகிறோம்? ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பில் வாழும் பளியர் வீட்டுப் பிள்ளைகளின் சான்றிதழைப் பாருங்கள். 'பழங்குடி' என்றிருக்கும். பழைய குடி! ஜெய்பால் கேட்ட பொருள் தமிழில் தானாகவே வந்து உட்கார்ந்துவிட்டது.

பட்டியல் மாநிலவாரியாகப் போடப்பட்டது. அதனால், குந்தியில் இருந்தால் பழங்குடி. அசாம் தேயிலைத் தோட்டத்துக்குப் போன அண்ணன் குடும்பத்துக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை!

1950ல் ஜெய்பால் ஜார்க்கண்ட் கட்சியைத் தொடங்கினார். ஆதிவாசிகள் மட்டுமல்ல, அங்கே வாழும் யாரும் அதில் சேரலாம் என்று கதவைத் திறந்துவைத்தார். சின்னம் சேவல். 1952 தேர்தலில் பீகார் சட்டசபையில் 30க்கும் மேற்பட்ட இடங்களைப் பிடித்தது. தனி மாநிலம் கேட்டார். 1955ல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் மறுத்துவிட்டது. அந்தப் பகுதியில் ஆதிவாசிகள் பாதிக்கும் குறைவு, எல்லோருக்கும் பொதுவான மொழியும் இல்லை என்றது. சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் வெளியாட்கள் வந்துகொண்டே இருக்க, ஊர்க்காரர்கள் பிழைக்க வெளியேறிக்கொண்டே இருந்தால் எண்ணிக்கை குறையாமல் என்ன செய்யும்?

1963ல் கட்சியைக் காங்கிரசில் சேர்த்துவிட்டார். அவர் செய்த பெரிய தவறு அது என்பது என் எண்ணம். கூட இருந்த பலருக்கும் அதில் வருத்தம்தான். 1970ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் தேதி டில்லியில் காலமானார்.

30 ஆண்டுகள் கழித்து, 2000ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி, பிர்சா முண்டாவின் பிறந்த நாளில், ஜார்க்கண்ட் தனி மாநிலமானது. ராஞ்சியில் ஜெய்பால் பெயரில் ஒரு விளையாட்டு அரங்கம் இருக்கிறது. குந்தி இப்போது தனி மாவட்டம். 2016ல் ரியோ ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணியில் ஆடிய நிக்கி பிரதான் அந்த மாவட்டத்துப் பெண்தான்.