அழுவோரை வடித்த சிற்பி

மத்தியகால ஐரோப்பாவின் பேராலயங்களை அணிசெய்த சிற்பிகளுள் மிகப் பலர் பெயர் தெரியாமலே மறைந்தனர். பெயரும் பணியும் ஒருங்கே நமக்கு எட்டிய சிலருள் ஒருவர் கிளௌஸ் ஸ்லூட்டர். கோதிக் சிற்பம் இருநூற்றைம்பது ஆண்டுகளாக நடந்துவந்த நெடுவழியின் முடிவிலே நிற்பவர் இவரே என்பது என் கருத்து.

அவ்வழியைச் சிறிது நோக்குதல் தகும். 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சார்த்திர் பேராலய மேலைவாயிலில் அமைந்த அரசர், அரசியர் உருவங்கள் தூணோடு தூணாய் நீண்டு ஒடுங்கி நிற்பன. 13ஆம் நூற்றாண்டில் ரீம்ஸ் நகரச் சிற்பிகள் உருவங்களை ஒன்றையொன்று நோக்கித் திருப்பினர். அங்கே மரியாளும் எலிசபெத்தும் உரையாடுவார் போல் நிற்கின்றனர். ஆயினும் கட்டடத்தின் ஆட்சியினின்றும் அவை முற்றாக விடுபடவில்லை.

ஸ்லூட்டர் ஒல்லாந்தின் ஹார்லெம் நகரத்தவர். 1379ஆம் ஆண்டளவில் பிரசல்ஸ் நகரக் கற்றச்சர் சங்கப் பதிவில் அவர் பெயர் காணப்படுகின்றது. 1385இல் அவர் டிஜோன் நகர் சென்று, பர்கண்டிக் கோமகன் பிலிப்பின் சிற்பப் பட்டறையிலே சேர்ந்தார். தலைமைச் சிற்பியான ழான் த மார்வில் 1389இல் இறக்கவே, அப்பொறுப்பு இவரை வந்தடைந்தது.

கோமகன் தம் குலத்தாரின் அடக்கத்தலமாக, சாம்மோல் என்னுமிடத்தில் கார்த்தூசியத் துறவியர் மடமொன்றை எழுப்பிக்கொண்டிருந்தார். அதன் கோயில் வாயிலின் நடுவே ஸ்லூட்டர் தேவமாதாவைத் திருக்குழந்தையுடன் நிறுத்தினார். இருபுறத்தும் கோமகனையும் அவர் துணைவி மார்கரெட்டையும் முழந்தாளிட வைத்தார். சார்த்திரிலே தூணுக்கு அடங்கிய உருவம், இங்கே வாயிலையே தன் அரங்காக்கிக்கொண்டது.

1395இல் மடத்து முற்றக் கிணற்றின் நடுவே பெருஞ்சிலுவை ஒன்றை எழுப்பும் பணி தொடங்கியது. அதன் அறுகோணப் பீடத்தைச் சூழ மோசே, தாவீது, எரேமியா, சகரியா, தானியேல், ஏசாயா ஆகிய அறுவரும் நிற்கின்றனர். கிறிஸ்துவின் மரணத்தை முன்னறிந்தோராகக் கருதப்பட்ட இவர்கள் ஒவ்வொருவரும் அத்துயரைத் தத்தம் இயல்புக்கேற்பத் தாங்குகின்றனர். ஓவியர் ழான் மலுவேல் அவற்றுக்கு வண்ணந் தீட்டினார். எரேமியாவுக்கென்று செப்பு மூக்குக்கண்ணாடி ஒன்று பொற்கொல்லரிடம் வாங்கியதைக் கோமகனின் கணக்கேடுகள் கூறுகின்றன. தீர்க்கதரிசியையும் கண்மங்கிய முதியவராகக் கண்ட அந்த நோக்கிலே ஸ்லூட்டரின் உள்ளத்தை நான் காண்கின்றேன்.

மார்வில் தொடங்கிவைத்த கோமகனின் கல்லறையும் அவர் பொறுப்பிலே வளர்ந்தது. மேலே கோமகனின் படுத்த உருவம். கீழே வெண்கல் வளைவுகளினூடே ஏறத்தாழ நாற்பது சிற்றுருவங்கள் துக்க ஊர்வலமாய்ச் செல்கின்றன. ஒருவர் முக்காட்டினுள் முகத்தை மறைத்துள்ளார். ஒருவர் கண்ணீர் துடைக்கின்றார். 1404இல் கோமகன் இறந்தபோது பணி முடிந்திருக்கவில்லை. அவ்வாண்டிலே டிஜோனின் புனித எத்தியேன் மடத்தில் ஒதுங்கிய ஸ்லூட்டரும் 1406ஆம் ஆண்டுத் தொடக்கத்துக்குள் காலமானார். மருமகனான கிளௌஸ் த வெர்வ் 1410இல் அதனை நிறைவேற்றினார்.

பிரான்சியப் புரட்சியின்போது மடம் குலைந்தது, கல்லறையும் பிரித்தெடுக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் சீர்செய்யப்பட்டு, இன்று டிஜோன் நுண்கலை நூதனசாலையில் இருக்கின்றது. அங்கே படுத்திருக்கும் கோமகனின் உருவம் பெரும்பாலும் பிற்காலத்தார் செய்தளித்தது. உடைபட்ட பழைய உருவம் மீளவில்லை. கீழே நடக்கும் துக்கத்தாருள் மிகப் பலரோ பழையவரே. தம் பெருமை நிலைக்க வேண்டுமென்று பொருள் கொடுத்தவர் கோமகன். அவருக்காக அழுத பெயரறியாத மனிதரின் துயரே ஆறு நூற்றாண்டுகளைக் கடந்து நிலைத்திருக்கின்றது. கோதிக் சிற்பம் தூணிலிருந்து இறங்கி நடந்த பயணம் அம்மனிதரிடம் வந்து சேர்ந்ததென்றே நான் கொள்கின்றேன்.