டி. வி. சுந்தரம் ஐயங்கார்

டி. வி. சுந்தரம் ஐயங்கார் (திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் ஐயங்கார், மார்ச் 22, 1877 – ஏப்ரல் 28, 1955) தென்னிந்தியாவில் மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கு அடித்தளமிட்ட தொழிலதிபர்களுள் ஒருவர் ஆவார். மதுரையை மையமாகக் கொண்டு வளர்ந்த டி.வி.எஸ் குழுமத்தை நிறுவியவர் இவரே. விற்கும் பொருளிலிருந்து தொடங்காமல், வாங்குபவரின் இடர்ப்பாட்டிலிருந்து தொடங்குவது இவரது வணிக முறையின் சிறப்பியல்பாகும்.

இளமை

திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த திருக்குறுங்குடியில் பிறந்தார். தந்தையின் விருப்பப்படி வழக்கறிஞராகத் தொழிலைத் தொடங்கினார். பின்னர் இரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றினார். அப்பணிகளைத் துறந்து 1911 ஆம் ஆண்டில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் அண்டு சன்சு நிறுவனத்தைத் தொடங்கினார்.

பேருந்துச் சேவை

1912 ஆம் ஆண்டில் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். புதுக்கோட்டைக்கு அப்போது இருப்புப்பாதை இல்லை. மாட்டு வண்டியே பொதுவான ஊர்தியாக இருந்தது. பயணிக்கு வண்டி மட்டும் போதாது. அது எப்போது புறப்படும், எப்போது சென்று சேரும் என்பதும் தெரிய வேண்டும். எனவே குறித்த நேரத்தில் வண்டியை இயக்குவது நிறுவனத்தின் முதன்மை விதியாயிற்று. டி.வி.எஸ் பேருந்தைப் பார்த்து மக்கள் கடிகாரத்தைத் திருத்திக் கொள்வர் என்பது மதுரைப் பகுதியில் வழங்கிய பேச்சு.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. வண்டிகள் நின்றுவிடாதிருக்க, கரியிலிருந்து கிடைக்கும் வாயுவைக் கொண்டு ஊர்திகளை இயக்கும் டி.வி.எஸ் வாயுக் கலனை உருவாக்கினார்.

விற்பனை முறை

ஊர்தி வாங்கியவருக்கு அடுத்து என்ன தேவைப்படும் என்ற கேள்விக்கு விடையாகவே குழுமத்தின் பல பிரிவுகள் அமைந்தன எனலாம். ஊர்தி விற்பனைக்குச் சுந்தரம் மோட்டார்சு, உதிரிப் பாகங்களுக்கு மெட்ராசு ஆட்டோ சர்வீசு, தேய்ந்த உருளிப்பட்டைகளைப் புதுப்பிக்க ஓர் ஆலை என அவை விரிந்தன. 1950களில் சுந்தரம் மோட்டார்சு, செனரல் மோட்டார்சு நிறுவனத்தின் பெரிய விற்பனை முகவர்களுள் ஒன்றாக விளங்கியது. இவரது மகன் டி. எஸ். சந்தானம் 1954 ஆம் ஆண்டில் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்சு, ஊர்தி வாங்கக் கடனளித்தது.

பிற்காலத்தில் நீல் இராக்கம் என்பவர் ஏறத்தாழ 35,000 விற்பனைச் சந்திப்புகளை ஆராய்ந்து, 1988 ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். வாங்குபவரின் நிலை, அவரது சிக்கல், அச்சிக்கலின் விளைவு, தீர்வினால் வரும் பயன் என்ற நான்கையும் பற்றி வரிசையாகக் கேட்பதே பெரிய விற்பனைகளில் வெற்றி தருவது என்பது அந்நூலின் முடிவு. இவ்வரிசையைப் புதுக்கோட்டைச் சாலையிலும் பொருத்திப் பார்க்கலாம். இருப்புப்பாதை இல்லாதது நிலை. மெதுவான பயணம் சிக்கல். வீணாகும் பொழுது விளைவு. நேரந் தவறாத வண்டி பயன்.

திண்டுக்கல் தொடர்பு

இவருக்கு ஐந்து மகன்களும் மூன்று மகள்களும் இருந்தனர். மகள் சௌந்தரம் இளம் வயதிலேயே கணவரை இழந்தார். விதவைகளின் கல்வி அரிதாயிருந்த அக்காலத்தில், பெற்றோரின் ஆதரவுடன் தில்லியில் மருத்துவம் பயின்றார். பின்னர் ஜி. இராமச்சந்திரனை மணந்து, அவருடன் இணைந்து 1947 ஆம் ஆண்டில் திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தை நிறுவினார். சின்னாளபட்டியில் சிறிய மருத்துவ நிலையமாகத் தொடங்கியது கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. 1962 ஆம் ஆண்டில் சௌந்தரம் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மறைவு

நிர்வாகப் பொறுப்புகளை வாழ்நாளிலேயே மகன்களிடம் ஒப்படைத்திருந்த சுந்தரம் ஐயங்கார், 1955 ஆம் ஆண்டில் கொடைக்கானலில் உள்ள தம் இல்லத்தில் காலமானார். அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த கொடைக்கானல், 1985 ஆம் ஆண்டு முதல் திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளது. குழுமத்தின் மதுரைப் பேருந்துகள் 1972 ஆம் ஆண்டில் நாட்டுடைமையாக்கப்பட்டுப் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் தொடக்கமாயின.